பட்டியலிடுவதும் ஆய்வே

சென்ற மாதம் தில்லியில் நடந்த ஓர் ஆய்வுக் கருத்தரங்கில், கடந்த இரண்டரை ஆண்டுகளாக நான் செய்துவரும் பணியைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசினேன். மறைந்த பேராசிரியர் ஒருவரின் மின்னணு இசை, திரைப்படச் சேகரிப்பை ஒழுங்குபடுத்திப் பட்டியலிடும் பணி அது. உரை முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டார்: "எல்லாம் சரி, இதில் ஆய்வு எங்கே இருக்கிறது? நூலகத்தில் ஒரு தற்காலிகப் பணியாளரைக் கொண்டு செய்விக்க வேண்டிய வேலை அல்லவா இது?" அவையில் சிலர் சிரித்தனர். நேரம் முடிந்ததாக மணி அடிக்கப்பட்டது. அன்று சொல்ல இயலாத மறுமொழியை இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு; பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கேட்டவர்மீது எனக்கு வருத்தமில்லை. பணியை ஏற்றபோது நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். மூன்று மாதங்களில் முடித்துவிட்டு ஆய்வேட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்கிட்டிருந்தேன். அந்தக் கணக்கு எங்கே பிழையாயிற்று என்பதைச் சொன்னாலே அவருடைய கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

பேராசிரியர் தில்லியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த தமிழர். இசை அவர் துறையன்று. ஆயினும் கர்நாடக இசை, இந்துஸ்தானி இசை இரண்டிலும் தீராத ஈடுபாடு உடையவர். சபாக்களிலும் நண்பர்களின் வீடுகளிலும் நடந்த கச்சேரிகளை ஒலிநாடாவில் பதிந்தார். பிற்காலத்தில் குறுந்தகடு, டிவிடி, இணையம் எனக் கிடைத்த வழிகளிலெல்லாம் இசையையும் படங்களையும் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் குடும்பத்தினர் அவற்றைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாக அளித்தனர். நான்கு வன்தட்டுகள்; ஏறத்தாழ 11,000 ஒலிக்கோப்புகள்; 700-க்கும் மேற்பட்ட திரைப்படங்கள். கோப்புறைகளின் பெயர்கள் 'புதியது', 'புதியது 2', 'பார்க்க வேண்டியவை', 'பிறகு பிரிக்க' என்று இருந்தன. ஒரே கச்சேரி மூன்று இடங்களில் மூன்று பெயர்களில் கிடந்தது. அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த இந்திப் பாடல் பட்டியல்கள் க்ருதி தேவ் எழுத்துருவில் இருந்தன. யூனிகோடு அல்லாத அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியலாகவே தெரிந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து திகைத்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று.

இவற்றுக்கெல்லாம் தீர்வு உண்டு. எழுத்துருவை மாற்றலாம், இரட்டைப் பிரதிகளைக் கண்டறிய மென்பொருள் இருக்கிறது. தீர்வு எளிதில் கிடைக்காத சிக்கல் ஒன்றே ஒன்று. 212 ஒலிநாடாக்களை மின்னணு வடிவுக்கு மாற்றும்படி குடும்பத்தினர் ஒரு கடையில் கொடுத்திருந்தனர். கடைக்காரர் சொன்னபடி செய்தார். பக்கத்துக்கு ஒரு கோப்பாக 424 கோப்புகள் ஒரு தட்டில் வந்தன. 'ட்ராக் 001' தொடங்கி 'ட்ராக் 424' வரை. நாடாக்களும், அவற்றின் பெட்டிகளில் செருகியிருந்த கையெழுத்து அட்டைகளும் திரும்பி வரவில்லை. 'மாற்றியாகிவிட்டதே, இனி எதற்கு' என்று பழைய பொருள்காரரிடம் போட்டுவிட்டார்களாம். ஒலி முழுமையாகத் தப்பியது. பாடியவர் யார், எந்த ஆண்டு, எந்த வீடு, யார் வயலின், யார் தபலா என்பவை அனைத்தும் அட்டைகளோடு போயின.

மின்னணுவாக்கம் என்பதைப் பாதுகாப்பு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த 424 கோப்புகள் பாதுகாக்கப்பட்டவையா, தொலைந்தவையா? அவற்றை யாரும் தேட முடியாது. மேற்கோள் காட்ட முடியாது. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. ஓர் ஆய்வாளனைப் பொறுத்தவரை அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

இவ்விடத்தில் நண்பர்கள் வழக்கமாக எழுப்பும் மறுப்புகள் மூன்று. முதலாவது, இன்று எல்லாம் இணைய ஓடைச் சேவைகளில் கிடைக்கும்போது தனியார் சேகரிப்பு எதற்கு என்பது. அச்சேவைகள் தருவது வாடகை உரிமை மட்டுமே. ஒப்பந்தம் முடிந்தால் படம் மறைகிறது, பாடல் மறைகிறது. சென்ற பருவத்தில் வகுப்பில் காட்டிய படம் இப்பருவத்தில் இல்லை என்பது ஆசிரியர்கள் அனைவரும் அறிந்ததே. மேலும், கரோல் பாக் வீடொன்றின் கூடத்தில் முப்பது பேர் அமர்ந்து கேட்ட கச்சேரி எந்தச் சேவையிலும் ஒருபோதும் இருந்ததில்லை.

இரண்டாவது, தேடுபொறி இருக்கும்போது வகைப்பாடு எதற்கு என்பது. தேடுபொறி எழுத்தைத்தான் தேடுகிறது. 'ட்ராக் 117' என்ற பெயருக்குள் அது எதைத் தேடும்?

மூன்றாவது, இனி இயந்திரமே கேட்டு அடையாளம் சொல்லிவிடும் என்பது. வணிகப் பதிவுகளைப் பொறுத்தவரை இது பெருமளவு உண்மை. ஆனால் ஒலிரேகை முறை செய்வது ஒப்பீடு. ஏற்கெனவே யாரோ பெயரிட்டு வைத்த பதிவோடு புதியதைப் பொருத்திப் பார்க்கிறது. பெயரிட்டவர் முன்பே இருந்தாக வேண்டும். உலகில் ஒரே ஒரு பிரதியாக இருக்கும் பதிவுக்கு ஒப்பிட இணை கிடையாது. இயந்திரம் ஓர் இராகத்தை ஊகிக்கலாம். அன்று மிருதங்கம் வாசித்தவர் பாடகரின் மைத்துனர் என்பதை அதனிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சரி, பட்டியலிடுவதில் அப்படி என்ன அறிவுழைப்பு இருக்கிறது? ஒரு திரைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். 'தேவதாஸ்' என்று பெயரிட்ட ஒரு கோப்பு இருக்கிறது. எந்தத் தேவதாஸ்? 1928-இன் மௌனப் படமா, 1935-இல் பரூவா வங்காளத்தில் எடுத்ததா, 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்ததா, 1955-இல் பிமல் ராய் எடுத்ததா, 2002-இல் வந்ததா? ஆண்டை எழுதினால் இது தீர்ந்துவிடும் எனலாம். 'ஷோலே' படத்தை எடுத்துக்கொள்வோம். 1975-இல், நெருக்கடிநிலைக் காலத்தில் திரையரங்குக்கு வந்த வடிவில், டாகூர் கப்பர் சிங்கைக் கொல்லும் முன் காவல்துறை வந்து தடுத்துவிடுகிறது. தணிக்கைக்காக மாற்றப்பட்ட முடிவு அது. டாகூரே கொல்லும் முதல் முடிவு கொண்ட வடிவமும் பிற்காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. நெருக்கடிநிலையும் திரைப்படமும் பற்றி எழுதும் ஒரு மாணவி நம் சேகரிப்பிலிருந்து ஒரு கோப்பைத் திறந்தால், அது எந்த முடிவு கொண்டது என்று பட்டியல் அவருக்குச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே இயக்குநர், ஒரே ஆண்டு, ஒரே தலைப்பு. சொல்லாத பட்டியல் அவரைப் பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

1955-இல் வந்த 'பதேர் பாஞ்சாலி'யின் மூல நெகட்டிவ் 1993-இல் இலண்டனில் நேர்ந்த தீவிபத்தில் சிக்கியது. எஞ்சியதையும் பிற பிரதிகளையும் கொண்டு சீரமைத்த வடிவம் 2015-இல் வெளிவந்தது. பேராசிரியரிடம் இருந்த கோப்போ அதற்கு முந்தைய டிவிடி ஒன்றிலிருந்து எடுத்தது. ஒளிப்பதிவைப் பற்றி ஆராய்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல. கதையை ஆராய்பவருக்கு ஒன்றே. பன்னாட்டு நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 1998-இல் முன்வைத்த கருத்துருவம் இதைத்தான் நான்கு படிகளாகப் பிரிக்கிறது: ஆக்கம், அதன் வெளிப்பாடு, அவ்வெளிப்பாட்டின் பதிப்பு, நம் கையிலிருக்கும் தனிப் பிரதி. நம் கணினிக் கோப்புறைகள் கடைசிப் படியை மட்டுமே அறியும். மற்ற மூன்றையும் படித்து, பார்த்து, ஒப்பிட்டுத்தான் நிரப்ப முடியும். 1913-இன் 'ராஜா ஹரிச்சந்திரா' என்று நாம் காட்டிவரும் சுருள்கள் உண்மையிலேயே அவ்வாண்டினவா, 1917-இல் பால்கே மீண்டும் எடுத்த வடிவத்தினவா என்ற ஐயத்தை ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள். இந்தியத் திரைப்பட வரலாற்றின் முதல் பக்கத்திலேயே இருப்பது ஒரு பட்டியலிடும் சிக்கல்தான்.

இசைக்கு வந்தால் சிக்கல் இன்னும் ஆழமாகிறது. எம்பி3 கோப்புக்குள் விவரம் எழுதுவதற்காக 1996-இல் வந்த ஐடி3 முறையின் முதல் வடிவத்தில் மொத்தம் 128 பைட்டுகளே இருந்தன. தலைப்புக்கு 30, கலைஞருக்கு 30, தொகுப்புக்கு 30, பிறகு ஆண்டு, குறிப்பு, வகை. மேற்கத்திய வெகுசன இசைத்தட்டை மனத்தில் கொண்டு தைத்த சட்டை அது. பின்னர் வந்த வடிவங்கள் விரிவானவை. இசையமைப்பாளருக்கு இடமுண்டு, நாமே புலங்களைச் சேர்க்கவும் வழியுண்டு. ஆயினும் நம் கணினிகளும் கைப்பேசிகளும் முன்வைப்பது இன்றும் 'கலைஞர், தொகுப்பு, பாடல்' என்ற மூன்றையே. திரைப்பாடலில் 'கலைஞர்' யார்? பாடியவரா, இசையமைத்தவரா, எழுதியவரா, திரையில் வாயசைத்தவரா? கச்சேரியில் 'தொகுப்பு' எது? இந்த மூன்று பெட்டிகளுக்குள் நம் இசையை அடைக்கும்போது எது வெளியே விழுகிறது என்று கேட்பதே ஓர் ஆய்வுக் கேள்வி.

இராகம் என்று தனியே ஒரு புலத்தைச் சேர்த்தால் போதுமா? நான் சேர்த்தேன், முதல் வாரத்திலேயே தவறினேன். இந்துஸ்தானி பைரவியின் சுரங்கள் கர்நாடக இசையின் தோடிக்கு நெருங்கியவை. இந்துஸ்தானி தோடியோ கர்நாடக இசையின் சுபபந்துவராளிக்கு நெருங்கியது. கர்நாடக பைரவி இவற்றிலிருந்து வேறு. இந்தோளத்துக்கு இணையானது மால்கௌன்ஸ். இந்துஸ்தானியில் ஹிந்தோல் என்பது வேறொரு இராகம். ஆகவே 'பைரவி' என்று தேடுபவருக்கு என் பட்டியல் இருவேறு இசைகளைக் கலந்து கொடுத்தது. 'மோகனம்' என்று தேடியவருக்கு அதற்கு இணையான பூப் கிடைக்கவே இல்லை. இறுதியில் மரபு, இராகம், இணையிராகம் என்று மூன்று புலங்களாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்காக ஓர் இசை ஆசிரியரிடம் ஆறு மாதம் ஞாயிறுதோறும் சென்று கேட்கப் பழகினேன்.

இதற்கு வழிகாட்டியாக அமைந்தவர் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றியவர். 1933-இல் வெளிவந்த அவருடைய கோலன் வகைப்பாடு, ஒரு நூலை ஒரே ஒரு பெட்டியில் இடுவதை விடுத்து, அதன் முகங்களைத் தனித்தனியே குறிக்கச் சொன்னது. பொருண்மை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என அவர் ஐந்து அடிப்படை வகைகளைப் பின்னர் வகுத்தார். கோப்புறைக்குள் கோப்புறை என்ற முறையில் ஒரு பதிவு ஓரிடத்தில்தான் இருக்க முடியும். பாடகர் பெயரில் வைத்தால் இராகத்தில் கிடைக்காது. ஆண்டில் வைத்தால் ஊரில் கிடைக்காது. முகப்பகுப்பில் கோப்பு எங்கே கிடந்தாலும் சரி, எந்த முகத்தின் வழியாகவும் அதை அடையலாம். இன்றைய குறிச்சொல் முறைகளில் நாம் வியப்பதை அவர் அட்டைப்பட்டியல் காலத்திலேயே எண்ணிப் பார்த்துவிட்டார். 1931-இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தை மிச்சப்படுத்துவது. அந்தக் காலத்தை யாரோ ஒருவர் முன்கூட்டியே செலவிட்டிருக்க வேண்டும். அந்தச் செலவைத்தான் நாம் 'எழுத்தர் வேலை' என்கிறோம்.

இப்போது பெயர்களைப் பற்றி. இந்தியாவின் தொடக்ககால இசைத்தட்டுகளில், பாட்டு முடிந்ததும் பாடியவரே தம் பெயரை அறிவிப்பதைக் கேட்கலாம். 1902-இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜானின் பதிவுகள் இதற்குப் புகழ்பெற்றவை. தட்டுகள் செருமனியின் ஹனோவரில் அச்சாயின. பாடலின் மொழியறியாத அங்கிருந்தோர் எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்று அறிவதற்கான ஏற்பாடு அது என்பர். விவரம் ஒலியைவிட்டுப் பிரியக்கூடாது என்ற அறிவு, பதிவுத்தொழில் இங்கே கால்வைத்தபோதே இருந்திருக்கிறது.

அரை நூற்றாண்டுக்குப் பின் அந்த அறிவு எங்கே போயிற்று என்பதற்கு 1949-இல் வந்த 'மகல்' படத்தின் இசைத்தட்டு சான்று. அதன் புகழ்பெற்ற பாடலின் தட்டில் பாடியவர் பெயராக அச்சானது 'காமினி'. அது படத்தில் வரும் கதைமாந்தரின் பெயர். பாடியவர் லதா மங்கேஷ்கர். அவருக்கு அந்தப் பெயர் பின்னர் திரும்பக் கிடைத்தது. அவர் லதா என்பதால் கிடைத்தது. கிடைக்காமலே போனவர்கள் எத்தனை பேர்? பக்கவாத்தியம் வாசித்தவர்கள், கூட்டுக்குரலில் பாடியவர்கள், தம்பூரா மீட்டிய மாணவிகள். பட்டியலில் ஒரு புலம் இருக்கிறதா இல்லையா என்பது ஒரு மனிதர் வரலாற்றில் இருக்கிறாரா இல்லையா என்பதாகிவிடுகிறது.

இதை நான் நூல்களில் படித்து அறியவில்லை. கொடைப் படிவத்தில் ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தது. அதற்காகப் பேராசிரியரின் மனைவியாரைக் காணச் சென்றேன். அவருக்கு அப்போது வயது 81. கையொப்பமிட்டுவிட்டுக் கேட்டார்: "கேசட் அட்டையெல்லாம் உங்ககிட்ட வந்துதாப்பா? அதெல்லாம் நான் எழுதினது." அன்றுவரை அந்தச் சேகரிப்பைப் 'பேராசிரியரின் சேகரிப்பு' என்றே அனைவரும் சொல்லிவந்தோம். கருவியை இயக்கியவர் பேராசிரியர். பக்கத்தில் அமர்ந்து, இராகமும் உருப்படியும் பக்கவாத்தியமும் நாளும் குறித்து, வீட்டுக்கு வந்து அட்டையில் படியெடுத்தவர் அந்த அம்மையார். நாற்பது ஆண்டுகளாக அந்தச் சேகரிப்பின் பட்டியலாளர் அவரே. அவரிடம் கேட்க வேண்டும் என்று குடும்பத்தில் யாருக்கும் தோன்றவில்லை; பல்கலைக்கழகத்துக்கும் தோன்றவில்லை; நான்கு மாதம் அந்தக் கோப்புகளோடு போராடிக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

அட்டைகள் போன செய்தியைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "போட்டுக் காட்டுங்கோ, பார்க்கலாம்" என்றார்.

வாரம் இருமுறை என ஒன்றரை ஆண்டு கேட்டோம். பாடகரின் குரலை அவர் உடனே சொல்லிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முதலில் கவனித்தது பின்னணியை. மின்விசிறியின் கடகட ஒலியைக் கேட்டு, "இது கரோல் பாக்குல எங்க பழைய வீடு" என்றார். ஒரு பதிவின் நடுவே குழந்தை அழுதது. "அது என் சின்னவன். 79-ல பிறந்தான். கம்பளி போர்த்தி வெச்சிருந்தேன், அதனால அழுதான். அப்போ அது அந்தப் பனிக்காலம்." அக்காலச் செய்தித்தாள்களின் நிகழ்ச்சிப் பத்திகளை நூலகத்தில் புரட்டினேன், அந்தப் பாடகர் 1980 சனவரியில் தில்லியில் இருந்தது உறுதியாயிற்று. குரல், அறை, அழுகை, செய்தித்தாள் என நான்கு சான்றுகள் சேர்ந்து ஒரு நாளைத் தந்தன. கல்வெட்டின் காலத்தை எழுத்தமைதியும் அரசாண்டும் கொண்டு கணிப்பவர் செய்வது ஆய்வு என்றால், இதை வேறென்ன சொல்லி அழைப்பது?

அவர் நினைவு எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு பெயரை உறுதியாகச் சொன்னார். பதிவின் இறுதியில் வந்த நன்றியுரை வேறு பெயரைச் சொன்னது. சிரித்துவிட்டு, "அப்போ மற்றதையும் சரிபாருங்கோ" என்றார். அன்று முதல் ஒவ்வொரு விவரத்தின் அருகிலும் அதைச் சொன்னவர் யார், சொன்ன நாள் எது, உறுதி எந்த அளவு என்ற மூன்று புலங்கள் சேர்ந்தன. தேதிகளில் ஐயத்தைக் குறிக்கவும் பன்னாட்டு மரபு இருக்கிறது. 2019-இன் ஐஎஸ்ஓ 8601 தர விரிவின்படி 1980 என்பதன்பின் கேள்விக்குறி இட்டால் ஐயமான ஆண்டு. அலைக்கோடு இட்டால் தோராயமான ஆண்டு. 'தெரியாது' என்று எழுதத் தெரிந்த பட்டியலே நம்பத்தக்க பட்டியல்.

சென்ற மழைக்காலத்துக்குப் பின் அவருடைய செவிப்புலன் வெகுவாகக் குறைந்துவிட்டது. கருவி பொருத்தினாலும் இசை இரைச்சலாகவே கேட்கிறது என்கிறார். 424-இல் 363 கோப்புகளுக்கு விவரம் எழுதியிருக்கிறோம். 61 எஞ்சியிருக்கின்றன. நான் தயங்கிய நான்கு மாதங்களில் அவரிடம் போயிருந்தால் அந்த எண்ணிக்கை மிகவும் குறைந்திருக்கும். இதை என் குறையாகவே பதிவுசெய்கிறேன்.

சேகரிப்பு வைத்திருக்கும் மாணவர்கள் பலர் நடைமுறையைக் கேட்டு எழுதுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். மூலக் கோப்புகளைத் தொடாதீர்கள். பிரதியில் வேலை செய்யுங்கள். முதல் வேலையாக ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எனப்படும் சரிபார்ப்பு எண்ணைக் கணித்து வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கணித்து ஒப்பிட்டால், எந்தக் கோப்பு சத்தமின்றிக் கெட்டது என்பது தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒன்றான இரட்டைப் பிரதிகளையும் அதே எண் காட்டிக்கொடுக்கும். ஒலிநாடாவை மாற்றும்போது எம்பி3-இல் நேரடியாக மாற்ற வேண்டா. 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில் ஒரு மணிநேர இருதட ஒலி ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். இன்றைய வன்தட்டு விலையில் அது பெரிதன்று. கோப்புப் பெயரில் அறிவையெல்லாம் திணிக்காதீர்கள். ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் தேதி, ஓர் அடையாள எண், அவ்வளவே போதும். விண்டோஸ் கோப்புப் பெயரில் கேள்விக்குறியை ஏற்காது என்பதால் ஐயக்குறிகளுக்கும் அங்கே இடமில்லை. மற்ற விவரங்கள் யூனிகோடில், எந்த மென்பொருளும் திறக்கக்கூடிய எளிய அட்டவணையில் இருக்கட்டும். பாடகர் பெயருக்கு ஒரு முதன்மை வடிவம் வகுத்து மற்ற எழுத்துக்கூட்டல்களை அதனோடு இணையுங்கள். மூன்று பிரதிகள், இருவகை ஊடகம், ஒன்று வேறு கட்டடத்தில். எல்லாவற்றுக்கும் மேலாக, அட்டை, உறை, சீட்டு, பின்புறக் கிறுக்கல் அனைத்தையும் ஒலியை மாற்றும் முன்பே படமெடுத்துவிடுங்கள்.

உரிமை பற்றியும் ஒரு சொல். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆய்வு உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாட்டுக்கு நியாயமான கையாளுகையை ஏற்கிறது. ஒலிப்பதிவுக்கும் திரைப்படத்துக்கும் வெளியீட்டின் பின் 60 ஆண்டுகள் உரிமைக்காலம். ஒலியை எல்லார்க்கும் திறந்துவிட முடியாத நிலையிலும் அதன் விவரப் பட்டியலை வெளியிடலாம். எங்கே, என்ன இருக்கிறது என்பது தெரிந்தாலே ஆய்வு தொடங்கிவிடும்.

பல்கலைக்கழகங்களுக்கு என் வேண்டுகோள் மூன்று. சான்றுகளோடு கூடிய விளக்கப் பட்டியலை முனைவர் பட்ட ஆய்வின் பகுதியாகவும் ஆசிரியர் மதிப்பீட்டில் வெளியீடாகவும் ஏற்க வேண்டும். ஒரு சேகரிப்பைக் கொடையாகப் பெறும்போது, வன்தட்டை வாங்கும் அதே வாரத்தில் அந்த வீட்டில் இருப்பவர்களிடம் பேசிப் பதிவுசெய்ய வேண்டும். கொடைப் படிவத்தில் 'விவரம் எழுதியவர்' என்றொரு புலம் வேண்டும். மூன்றாவதை எங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தேன். படிவத்தை மாற்ற இயலாது என்று இருமுறை திருப்பி அனுப்பினார்கள். இறுதியில் 'பிற குறிப்புகள்' என்ற பகுதியில் அம்மையாரின் பெயரை எழுதிக்கொள்ள இசைந்தார்கள். பட்டியலின் முகப்புப் பக்கம் என் பொறுப்பில் இருக்கிறது. அதில் அவர் பெயரே முதலில் இருக்கும்.

இந்திய இசையும் திரைப்படமும் பற்றி எழுதும் நாம் எவர் தோள்மீது நிற்கிறோம் என்பதையும் நினைக்க வேண்டும். கான்பூரிலிருந்து ஹர்மந்திர் சிங் ஹம்ராஸ் பத்தாண்டு பத்தாண்டாகத் தொகுத்து வெளியிட்ட 'ஹிந்தி ஃபில்ம் கீத் கோஷ்', சென்னையில் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த தமிழ்ப்படத் தகவல்கள் ஆகிய இரண்டும் பல்கலைக்கழகங்களுக்கு வெளியே உருவானவை. நம் ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் அவர்களை மேற்கோள் காட்டுகிறோம்; அவர்கள் செய்ததை நம் மாணவர் செய்தால் 'இதில் ஆய்வு எங்கே' என்று கேட்கிறோம்.

கருத்தரங்கில் கேட்டவருக்கு என் விடை இதுதான். ஐயா, ஒவ்வொரு புலத்தை நிரப்பும்போதும் ஒரு சான்றை எடைபோட வேண்டியிருந்தது. ஒவ்வொரு புலத்தை உருவாக்கும்போதும் ஒரு கருத்தாக்கத்தைச் சோதிக்க வேண்டியிருந்தது. ஆய்வு அங்கேதான் இருக்கிறது. தற்காலிகப் பணியாளர் ஒருவர் இதைச் செய்திருந்தால், அவர் செய்ததும் ஆய்வே. அவர் பெயரும் முகப்பில் வந்திருக்க வேண்டும்.

எஞ்சிய 61 கோப்புகளில் 'பாடியவர்' என்ற புலத்தில் 'அறியப்படவில்லை' என்று எழுதியிருக்கிறேன். 1970-கள், 80-களில் தில்லி வீட்டுக் கச்சேரிகளுக்குச் சென்ற பெரியவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால், எனக்கு எழுதுங்கள். நேரில் வந்து போட்டுக் காட்டுகிறேன். உங்கள் வீட்டிலேயே அட்டை எழுதியவர் ஒருவர் இருந்தால், எனக்கு எழுதும் முன் அவரிடம் போய் அமருங்கள்.